மாத்திரை எழுதுவது ஒருவர், ஆறு மாதம் கூட இருப்பது யார்?

காசநோய் என்றால் அது டாக்டர் பாடு; மருந்துக்கடைக்காரருக்கும் வீடு வீடாகப் போகும் தன்னார்வலருக்கும் அங்கே வேலை இல்லை. சேலம், நாமக்கல் பக்கம் மருத்துவர்களிடம் பேசினாலும் சரி, படித்த பொதுமக்களிடம் பேசினாலும் சரி, பெரும்பாலும் காதில் விழுவது இந்தக் கருத்துதான். திட்ட அறிக்கைகளில் 'சமூகப் பங்கேற்பு' என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் களத்தில் ஆள்வது இதுவே. இது தவறு என்பது என் கட்சி. ஏட்டளவில் நின்றுவிடும் தவறாக இருந்தால் விட்டுவிடலாம். இது ஆளைக் கொல்கிறது.

எதிர்த்தரப்பை முதலில் அவர்கள் சொல்லும் விதத்திலேயே வைத்துவிடுகிறேன். காசநோய்க்கு நான்கு மருந்து, உடல் எடைக்கு ஏற்ற அளவு, குறைந்தது ஆறு மாதம். நடுவில் விட்டாலோ ஏறுக்கு மாறாகக் கொடுத்தாலோ கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். அதன் பிறகு சிகிச்சை கடினம், செலவு அதிகம், சாவும் அதிகம். மாத்திரை ஈரலைத் தாக்கலாம், கண் பார்வையைத் தாக்கலாம். இப்படிப்பட்ட மருந்தை மேஜைக்குப் பின்னால் நிற்கும் வியாபாரியிடமும், மகளிர் குழுவிலிருந்து வந்து சில நாள் பயிற்சி பெற்ற பெண்ணிடமும் ஒப்படைப்பதா? வியாபாரிக்கு விற்றால்தான் லாபம். தன்னார்வலர் அதே தெருக்காரர்; அவர் வாசலில் வந்து நின்றாலே ஊருக்குத் தெரிந்துவிடும். இவை போக, இடதுசாரி நண்பர்கள் சொல்லும் இன்னொரு வாதமும் உண்டு: வேலையை இப்படி ஆளாளுக்குப் பிரித்துக் கொடுப்பது அரசு தன் பொறுப்பைக் கைகழுவும் வழி.

இவற்றில் எதுவும் அசட்டு வாதம் கிடையாது. கடைசி வாதம் உண்மையிலேயே கனமானது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இவற்றையெல்லாம் கூட்டி 'ஆகவே இவர்களை ஒதுக்கி வை' என்ற முடிவுக்கு வரும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

1. மருந்துக்கடைக்காரர்தான் காசநோய் மாத்திரையைக் கண்டபடி விற்றுக் கிருமியை முரட்டுக் கிருமியாக்குகிறார் என்கிறீர்களே, பார்த்தது யார்?

பார்த்தவர்கள் இருக்கிறார்கள். டெல்லி, மும்பை, பாட்னா ஆகிய மூன்று நகரங்களில் 622 மருந்துக்கடைகளுக்கு, நோயாளி போல நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை அனுப்பினார்கள். ஏறத்தாழ 1,200 முறை கடை ஏறி இறங்கினார்கள். முடிவு 2016இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்தது. இரண்டு மூன்று வார இருமலோடு வெறுங்கையாகப் போய் நின்றபோது, சரியாக நடந்துகொண்ட கடைகள் 13 விழுக்காடுதான். சரியாக என்றால், ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கொடுக்காமல் டாக்டரிடம் அனுப்புவது. சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது என்ற பரிசோதனைச் சீட்டோடு போனபோது அதே வகைக் கடைகளில் 62 விழுக்காடு சரியாக நடந்துகொண்டன. ஆன்டிபயாடிக் கொடுத்தது 37 விழுக்காட்டிலிருந்து 16க்கு இறங்கியது. அத்தனை முறையிலும் ஒரே ஒரு கடைகூடக் காசநோய்க்கான முதல்நிலை மாத்திரைகளைச் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கவில்லை.

அது வடக்கும் மேற்கும், நம் ஊர் வேறு என்று சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் 'கடைக்காரர் காசநோய் மாத்திரையை அள்ளி விடுகிறார்' என்ற குற்றச்சாட்டுக்கு எதிராக இவ்வளவு பெரிய சான்று இருக்கும்போது, நம் ஊர் வேறு என்று காட்டும் சுமை குற்றம் சாட்டுபவர் தலையில்தான்.

அந்த ஆய்வு கடைக்காரர்களை நிரபராதி என்று விடவில்லை. குற்றம் வேறு இடத்தில் இருப்பதைக் காட்டியது. இரவு தறி ஷிப்டு மாறும் நேரத்தில் பள்ளிபாளையத்தில் ஏதாவது ஒரு மெடிக்கல் வாசலில் நின்று பாருங்கள். தலையில் பஞ்சுத் தூசியோடு ஒருவர் வருவார். "ஏனுங்கண்ணா, இருமலுக்கு ஒரு செட்டு குடுங்க." கடைக்காரர் தலை நிமிராமல் நாலு அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் இரண்டிரண்டாக நறுக்கி, காகிதக் கவரில் போட்டு, காலை இரவு என்று பேனாவால் கோடு கிழித்து நீட்டுவார். அந்தக் கவரில் லீவோஃப்ளாக்சசின் இருந்தால் வினை ஆரம்பம். காசநோய்க் கிருமியையும் அடிக்கக்கூடிய மருந்து அது. நாலைந்து நாள் தின்றால் இருமல் கொஞ்சம் தணியும், சளிப் பரிசோதனையில் கிருமி சிக்காமல் போகலாம், நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். கூடவே ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்திருந்தால் ஆளுக்குத் தெம்பு வந்தது போல இருக்கும்; நோய் உள்ளே வளரும்.

ஆகத் தடுக்க வேண்டியது இதை. எப்படித் தடுப்பது? கடைக்காரரைக் காசநோய்த் திட்டத்துக்கு வெளியே நிறுத்திவைத்தால் அவர் செட்டு மாத்திரை கொடுப்பதை விட்டுவிடுவாரா? இப்போது வெளியில்தானே நிற்கிறார்? அந்தத் தறிக்காரர் மூன்றாவது தடவையாக அதே வாசலுக்கு வரும்போது, அவர் மூன்று வாரமாக இருமுகிறார் என்பது மருந்து, மருத்துவம் தொடர்பான ஆட்களில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவரிடம் 'உனக்கு இதில் வேலை இல்லை' என்று சொல்லிவைத்திருக்கிறோம். ஐ.சி.எம்.ஆர். 2019 முதல் 2021 வரை நடத்திய தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் ஏறக்குறைய 64 விழுக்காட்டினர் சிகிச்சை தேடி எங்குமே போகவில்லை என்று தெரிந்தது. டாக்டரிடம் போகாதவரை டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

13 என்பது 62 ஆனதற்குக் காரணம் கையில் இருந்த ஒரு துண்டுச் சீட்டு. கடைக்காரர் அந்த நிமிடத்தில் உத்தமராக மாறிவிடவில்லை. என்ன நோய் என்று அவருக்குத் தெரிந்தது, அவ்வளவே. 'எத்தனை நாளா இருமல்?' என்ற ஒரு கேள்வியும், சளிப் பரிசோதனைக்கு எழுதித் தர ஒரு சீட்டுக் கட்டும், அந்தச் சீட்டோடு போனால் காக்க வைக்காமல் பார்க்கும் ஓர் ஆய்வகமும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பாட்னாவில் மருந்துக்கடைகளை இலவச எக்ஸ்ரேயோடும் டாக்டரோடும் இணைத்துச் செய்துபார்த்த முயற்சியில் கடைக்காரர்கள் ஆட்களை அனுப்பினார்கள், அவர்களில் நோயாளிகளும் அகப்பட்டார்கள். பாட்னாக் கடைக்காரருக்கு முடிந்தது பரமத்திவேலூர்க் கடைக்காரருக்கு முடியாதா?

2. 'டாக்டர் மட்டும்' என்கிறீர்கள். எந்த டாக்டர்?

தவறு செய்பவர்களை விலக்கி வைப்பது என்று கிளம்பினால் வரிசையில் முதல் ஆள் மருந்துக்கடைக்காரராக இருக்க மாட்டார். 1991இல் வெளியான ஓர் ஆய்வில், மும்பை தாராவியில் 100 தனியார் மருத்துவர்களிடம் காசநோய்க்கு மருந்து எழுதச் சொன்னார்கள். 80 விதமாக எழுதினார்கள். ஏறத்தாழ 20 ஆண்டு கழித்து அதே மும்பையில் மறுபடி கேட்டபோது 106 பேர் 63 விதமாக எழுதினார்கள். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குச் சரியான சீட்டு எழுதியவர்கள் 3 பேர். டெல்லியில் நடிப்பு நோயாளிகளை அனுப்பிச் செய்து 2015இல் வெளியான ஆய்வில், 250 சந்திப்புகளில் 21 விழுக்காட்டில்தான் நோயாளி சரியாகக் கவனிக்கப்பட்டார்.

மருத்துவர்களை இழிவுபடுத்த இதைச் சொல்லவில்லை. இந்த முடிவுகள் வந்தபோது யாராவது 'தனியார் டாக்டர்கள் காசநோய் பக்கமே வரக் கூடாது' என்று சொன்னார்களா? இல்லை. 2012இல் காசநோயாளியைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம் ஆக்கப்பட்டது. சிகிச்சைத் தரநிலைகள் வகுக்கப்பட்டன. பதிவு செய்தால் 500 ரூபாய், சிகிச்சை முடிவைத் தெரிவித்தால் இன்னொரு 500 ரூபாய் என்று ஊக்கத்தொகை வந்தது. பயிற்சி, விதி, பணம், கண்காணிப்பு. தனியாரை ஒதுக்கிவைத்துக் கணக்கு நேராகாது என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது: மருந்து விற்பனைக் கணக்கை வைத்துப் போட்ட மதிப்பீட்டின்படி 2014இல் இந்தியத் தனியார் துறையில் மட்டும் சிகிச்சை பெற்ற காசநோயாளிகள் சுமார் 22 லட்சம் பேர், அதுவரை நம்பியதைப் போல இரண்டு மூன்று மடங்கு. தவறு செய்த டாக்டருக்குப் பயிற்சி, தவறு செய்த மருந்தாளுநருக்குத் தடை. இந்த இரட்டை அளவுகோலுக்கு மருத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சாதிப்படிநிலை மாதிரி ஒரு தொழில்படிநிலைதான் தெரிகிறது.

இன்னொன்று. குமாரபாளையத்திலும் திருச்செங்கோட்டை ஒட்டிய எளையாம்பாளையத்திலும் சேலத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட பார்மசி கல்லூரிகள். ஆண்டுதோறும் அவற்றிலிருந்து பிள்ளைகள் மருந்தியல் படித்து வெளியே வருகிறார்கள். ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், சர்க்கரை மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதெல்லாம் அவர்கள் பாடத்தில் இருக்கிறது. படித்துவிட்டு அவர்கள் செய்வது அட்டையை நறுக்கும் வேலை. சிலர் அதுவும் செய்வதில்லை. சான்றிதழ் கடைச் சுவரில் தொங்கும், ஆள் வேறெங்கோ இருப்பார். அது ஊழல், அதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பிடிக்க வேண்டும். சான்றிதழை வாடகைக்கு விடும் வழக்கத்தைக் காட்டி, கடையில் நிற்கும் நேர்மையான மருந்தாளுநரையும் சேர்த்து ஒதுக்குவது எந்த ஊர் நியாயம்?

3. ஆறு மாதத்தில் டாக்டர் எத்தனை நாள்?

கண்டறியும் அன்று ஒரு நாள். பிறகு மாதம் ஒரு முறை என்று வைத்துக்கொண்டாலும் ஏழு நாளுக்கு மேல் தேறாது. 180 நாளில் மீதி நாள்களில் நோயாளி தனியாக மாத்திரையோடு உட்கார்ந்திருக்கிறார். நோயை ஜெயிப்பதும் தோற்பதும் அந்த நாள்களில்தான்.

ரிஃபாம்பிசின் போட்டதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். ஒன்றும் ஆபத்தில்லை. யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் 'ரத்தம் போகுது' என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். முதல் வாரங்களில் வாந்தி, குமட்டல். இரண்டாம் மாதம் இருமல் நின்று உடம்பு தேறும். 'இனி எதுக்கு மாத்திரை' என்ற எண்ணம் வரும். கண் மஞ்சளாகிப் பசி சுத்தமாகப் போனால் அது ஈரல் பாதிப்பின் அறிகுறி. அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பக்கவிளைவு ஆபத்தானது, அதனால் டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அடுத்த மாதம் 5ஆம் தேதி பார்க்கப்போகிற டாக்டரா, இந்த வாரம் வாசலில் வந்து நின்று 'கண்ணைக் காட்டுங்க' என்று கேட்கிற பெண்ணா, மஞ்சளை முதலில் பார்ப்பது யார்?

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறியில் 12 மணி நேர ஷிப்டு. முன்பணம் வாங்கித் தறியில் கட்டுண்டவருக்கு அரை நாள் விடுப்பு என்பது கூலியோடு முதலாளியின் முகத்தையும் இழப்பது. ஆரம்ப சுகாதார நிலையத்து வெளிநோயாளர் நேரம் அவருடைய தறி நேரம். நாமக்கல், சங்ககிரி லாரி டிரைவர் வண்டி ஏறினால் வாரக்கணக்கில் வடக்கே. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில். ஒடிசாவிலிருந்து கோழிப்பண்ணைக்கு வந்த இளைஞருக்குத் தமிழில் விளக்கிச் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். இவர்களை 'ஒழுங்காக வராத நோயாளிகள்' என்று பதிவேட்டில் எழுதிவிடலாம், எளிது. இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் மருந்துக்கடையில் அரசு தரும் இலவச மாத்திரையை வைத்திருந்து, வாங்க வராத நாளில் போன் போடச் சொன்னால் ஒழுங்கு தானாக வரும்.

தமிழ்நாடே கண்டுபிடித்துக் கொடுத்த சான்று ஒன்று இருக்கும்போது இதற்கு நான் வாதாட வேண்டியிருப்பதுதான் வியப்பு. 2022 ஏப்ரலில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்ன செய்கிறது? காசநோய்ச் சாவுகளில் பெரும்பங்கு சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களிலேயே நிகழ்கிறது என்பதால், யார் சாகும் நிலையில் இருக்கிறார் என்று முதலிலேயே பிரித்துப் பார்க்கிறது. அதற்கான அளவுகோல்: உயரத்துக்கு எடை மிகக் குறைவா, காலில் வீக்கமா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94க்குக் கீழா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. எக்ஸ்ரே வேண்டாம், ஸ்டெதாஸ்கோப் வேண்டாம். இந்த ஐந்தையும் பார்க்க மருத்துவப் பட்டம் தேவையில்லை. களப்பணியாளரும் செவிலியரும் பார்க்கிறார்கள். இதில் தேறாதவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். உயிரைக் காக்கும் முதல் முடிவைத் தொடங்கிவைப்பது டாக்டர் அல்லாதவர்தான் என்று மாநில அரசின் திட்டமே ஒப்புக்கொண்ட பிறகும், 'அவர்களுக்கு என்ன தெரியும்' என்று கேட்பவர்களை என்ன சொல்ல?

என் குறை, இந்தப் பரிசோதனை முதல் நாளோடு நின்றுவிடக் கூடாது என்பது. முதல் இரண்டு மாதம் வாராவாரம் வீட்டு வாசலில் நடக்க வேண்டும்.

4. வீட்டில் வைத்துப் பார்ப்பது ஆபத்து என்ற பேச்சு சென்னையிலேயே தோற்றுப்போன பேச்சு.

நம் தாத்தா காலத்தில் காசநோய் என்றால் பெருந்துறைக்கோ தாம்பரத்துக்கோ சானடோரியத்துக்குப் போக வேண்டும். இடம் கிடைத்தவர் போனார், கிடைக்காதவர் செத்தார். குடிசையில் இருக்கிற, சரியாகச் சாப்பாடு இல்லாத, படிப்பறிவில்லாத ஏழை ஒரு வருஷம் மாத்திரை தின்பானா என்று அன்றைய நிபுணர்கள் சந்தேகப்பட்டார்கள். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் அதைச் சோதித்தது. ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் செவிலியர் கவனிப்பும். இன்னொரு பகுதியினருக்குச் சென்னையின் நெருக்கடியான வீடுகளிலேயே அதே மருந்து. 1959இல் முடிவு வெளிவந்தது: குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை, வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் தொற்றுவதும் கூடவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்களை மூட வைத்தது அந்த முடிவு. வீட்டுச் சிகிச்சைக் குழுவில் வெற்றிக்கு உழைத்தவர்களில் வீடு வீடாகப் போன சுகாதாரப் பார்வையாளர்களும் உண்டு என்பதை மறந்துவிட்டு, மருந்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகும் சான்றுக்குப் பஞ்சமில்லை. பங்களாதேஷில் பிராக் அமைப்பு 1984 முதல் கிராமத்துப் பெண்களை வைத்துக் காசநோய் மாத்திரை கொடுத்து வருகிறது. நேபாள மலை மாவட்டங்களில் செய்து 2006இல் வெளியான ஆய்வில், சமூகப் பணியாளர் பார்வையில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 85 விழுக்காட்டினருக்கும், குடும்பத்தில் ஒருவர் பார்வையில் சாப்பிட்டவர்களில் 89 விழுக்காட்டினருக்கும் சிகிச்சை வெற்றி.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக ரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் வந்தது. சில வகைச் சர்க்கரை மாத்திரையைச் சாப்பிடாமல் போட்டால் வயதானவர் மயங்கி விழுவார், செத்தும் போகலாம். அதற்கு ஒப்புக்கொண்ட மருத்துவ உலகம், காசநோய் மாத்திரை என்றதும் மட்டும் ஏன் பதறுகிறது?

5. ரகசியம்.

இது உண்மையான கவலை. பெண் பார்த்திருக்கும் வீட்டில், கல்யாணம் ஆகி மூன்று மாதமான மருமகளுக்கு, காசநோய் என்ற சொல்லே வாழ்க்கையைக் குலைக்கும். ஒரு காலத்தில் நாமக்கல் மாவட்டத்தில் எச்.ஐ.வி. அதிகமாக இருந்த நினைவும் சேர்ந்து, 'டி.பி.' என்றால் கூடவே வேறு கணக்குப் போடும் வாய்கள் இங்கே உண்டு.

ஆனால் இதற்கு மருந்து, தேர்ந்தெடுக்கும் உரிமையை நோயாளியிடம் கொடுப்பது. தெருக்காரப் பெண் வேண்டாமா, நாலு தெரு தள்ளி இருக்கும் கடையில் வாங்கிக்கொள்ளட்டும். மருந்துக்கடைக்குப் போவதை யாரும் கேட்கப்போவதில்லை. கடையும் வேண்டாமா, வீட்டில் அண்ணனோ அம்மாவோ பார்த்துக்கொள்ளட்டும். நேபாளத்தில் அது நன்றாகவே நடந்தது. காசநோய்ப் பிரிவுக்குப் போய் வரிசையில் நிற்பது மட்டும்தான் ரகசியம் காக்கும் என்று நம்புபவர்கள் அந்த வரிசையில் ஒரு நாள் நின்று பார்க்கலாம். பெயரைக் கூவித்தான் அழைப்பார்கள்.

தன்னார்வலர் விஷயத்தில் எதிர்த்தரப்பு கேட்காத ஒரு கேள்வியை நானே கேட்கிறேன். ஊர்ப்பக்கத்திலிருந்து வரும் தன்னார்வலர் காலனிக்குள் போய் வீட்டுத் திண்ணையில் உட்காருவாரா? காலனியிலிருந்து வரும் தன்னார்வலரை ஊர் வீட்டுக்குள் விடுவார்களா? இந்தச் சமவெளியில் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுத் திட்டம் போடுபவர்கள் காகிதத்தில்தான் திட்டம் போடுகிறார்கள். ஆள் எடுக்கும்போதே இதைக் கணக்கில் எடுக்க வேண்டும், வாசலோடு திரும்புபவரை மாற்ற வேண்டும். தன்னார்வலரே வேண்டாம் என்பதற்கு இது காரணம் ஆகாது. டாக்டர் காலனிக்குப் போகிறாரா என்று நான் திருப்பிக் கேட்டால் பதில் எப்படி இருக்கும்?

6. பொறுப்பு கொடுக்கக் கூடாதாம்; ஆனால் தண்டனை உண்டு.

2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் எச்1 அட்டவணையில் காசநோய் மருந்துகள் இருக்கின்றன. அவற்றை விற்கும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2018 மார்ச் 16 அரசிதழ் அறிவிக்கையின்படி, காசநோய் மருந்து வாங்கியவரைப் பற்றி அவர் அரசுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். தவறினால் தொற்றுநோய் பரப்புவதற்கான குற்றவியல் பிரிவுகள் பாயலாம், சிறையும் உண்டு. சட்டத்தின் கண்ணுக்கு மருந்தாளுநர் காசநோய்ச் சங்கிலியில் ஒரு கண்ணி. சிகிச்சையின் கண்ணுக்கு மட்டும் அவர் யாரோ. ஜெயிலுக்கு அனுப்பும் அளவுக்குப் பொறுப்பானவரைப் பயிற்சிக்கு அழைக்கும் அளவுக்குப் பொறுப்பானவராக ஏன் கருத முடியவில்லை?

7. அரசு கைகழுவுகிறது என்ற வாதம்.

இதுதான் வலுவான வாதம் என்று முன்பே சொன்னேன். சிகிச்சைக்குத் துணை நிற்பவருக்குச் சாதாரணக் காசநோயாளி ஒருவருக்கு ஆறு மாதம் முடித்துக் கொடுத்தால் 1,000 ரூபாய். நாள் கணக்கில் வகுத்தால் ஆறு ரூபாய்கூட வராது. ஒரு டீ குடிக்க முடியாது. 2024 மார்ச்சில் மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மூன்று மாதத்துக்கு உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லி மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு கடிதம் எழுதியது. அந்த மாதிரி நாள்களில் 'மாத்திரை வரலீங்க' என்று வாசலில் நின்று திட்டு வாங்குவது டெல்லி அதிகாரி அல்லர், களத்தில் இருப்பவர். இப்படி ஒரு பக்கம் சுமையையும் மறு பக்கம் பழியையும் ஏற்றிவிட்டு, அதற்குத் 'தன்னார்வம்' என்று பெயர் வைப்பது சுரண்டல். ஒப்புக்கொள்கிறேன், முழுசாக.

ஆனால் இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது? சம்பளம் குறைவு என்றால் சம்பளத்தைக் கூட்டு என்று கேட்க வேண்டும். மருந்து வரவில்லை என்றால் மருந்தை அனுப்பு என்று கேட்க வேண்டும். வேலையையே எடுத்துவிடு என்று கேட்டால் அரசுக்கு அதைவிட மகிழ்ச்சியான கோரிக்கை வேறு இருக்காது. அந்த 1,000 ரூபாயும் மிச்சம். டாக்டர்களை நியமிக்கச் சொல்லிப் போராடுவோம், சரி. அதுவரை தறிக்காரர் இருமிக்கொண்டே இருக்கட்டுமா?

சாப்பாட்டு விஷயத்தை மறந்துவிட வேண்டாம். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ராஷன்ஸ் ஆய்வில், நோயாளியின் குடும்பத்துக்குக் கூடுதல் உணவுப்பொருள் கொடுத்ததால் மட்டும் வீட்டில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. 2024 நவம்பர் முதல் ஊட்டச்சத்துக்கு மாதம் 1,000 ரூபாய் நோயாளி கணக்கில் வர வேண்டும். வந்ததா, கணக்கு எண் சரியா, அந்தப் பணம் முட்டையாக மாறியதா என்று பார்ப்பதற்கு வீட்டுக்குள் போகும் ஓர் ஆள் வேண்டும். முட்டைக்குப் பேர்போன மாவட்டத்தில், காசநோயாளி வீட்டில் முட்டை இருக்கிறதா என்று பார்க்க ஆள் இல்லை என்றால் அதைவிட வெட்கக்கேடு உண்டா?

நான் கேட்பது மருந்தாளுநரையும் தன்னார்வலரையும் டாக்டர் ஆக்கச் சொல்லி அல்ல. நோயைக் கண்டறிந்து மருந்தை எழுதுவது டாக்டரிடமே இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் கடைக்காரர் கையில் சளிப் பரிசோதனைச் சீட்டு இருக்கட்டும்; அந்தச் சீட்டில் போனவருக்கு நோய் உறுதியானால், நோயாளியைத் தெரிவித்தவருக்கு உண்டென்று திட்டம் சொல்லும் 500 ரூபாய் அலைக்கழிக்காமல் அவர் கணக்கில் விழட்டும். சீட்டில்லாமல் லீவோஃப்ளாக்சசினோ ஸ்டீராய்டோ விற்றால் உரிமம் போகட்டும். அதில் தாட்சண்யம் வேண்டாம். 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களில் பி.பார்ம்., டி.பார்ம். படித்தவர்கள் அரசு மானியத்தோடு கடை நடத்துகிறார்கள். இரு மாவட்டங்களிலும் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். தன்னார்வலருக்கு மாதச் சம்பளமும், ஐந்து அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் நோயாளியை நேராக உள்நோயாளியாகச் சேர்க்க அனுப்பும் அதிகாரமும் வேண்டும். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை மருத்துவமனை வாசலில் இருப்பவர் தூக்கிப் போடக் கூடாது.

சேலம், நாமக்கல் மருத்துவர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்காரர் என்ன கேட்க வேண்டும், எதைத் தொடக் கூடாது, தன்னார்வலர் எந்த நிலையில் நோயாளியை உங்களிடம் அனுப்ப வேண்டும் என்ற விதிகளை நீங்களே உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். அவர்கள் மீறினால் நீங்களே பிடியுங்கள். அதற்கு மனம் இல்லையென்றால், ஒவ்வொரு காசநோயாளியின் வீட்டுக்கும் ஆறு மாதம் வாரம் ஒரு முறை நீங்களே போய் வருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு மருந்துக்கடைக்காரரைப் பற்றிப் பேசலாம்.